நடுவாசல் சிவப்பு

— படத்தைப் பாத்தேன்டா சந்தோசு. பந்தை நெஞ்சோட ஒட்டிப் பிடிச்சிருக்க. உன் சட்டைக் கலரு அதுல விழுகுது, ரூம்பு வெளிச்சம் மட்டுந்தான் விழணும். கையை நல்லா நீட்டிப் பிடிச்சு இன்னொண்ணு எடு.

— நீட்டித்தான் வச்சிருந்தேன் யுவராணிக்கா. கை கடுக்குது. எட்டு மணிக்கு ஒரு தடவ, ஒம்பதுக்கு ஒரு தடவ, இப்பப் பத்துக்கு ஒரு தடவ. அவனவன் செம்பட்டிக்கு லோடு இறக்கிட்டுத் திரும்பி வந்துட்டான். நான் சுண்ணாம்படிச்ச ரப்பர் பந்தைப் பிடிச்சிக்கிட்டு வீட்டுக்குள்ள நிக்கிறேன்.

— பொறுத்துக்கடா அப்பு. இன்னைக்கு ஒரு நாளுதான், பன்னெண்டு மணியோட முடிஞ்சு போகும். எடுத்தியா?

— எடுத்து அனுப்பிட்டேன். பாரு.

— இரு இரு, செத்த இரு. வந்துருச்சு. அடக் கடவுளே, இதுலயும் சிவப்பு!

— மறுபடியுமா?

— ஒம்பது மணியை விடக் கூடவே இருக்குடா. பந்தோட மேக்குப் பக்கம் பூராச் சிவப்பு. சொவத்துல சிவப்பு. மேல மச்சுல கூட லேசா இருக்கு. என் கம்ப்யூட்டருல அதே ரூம்பு, அதே நேரம், அதே வெயிலு. ஆனா வெள்ளை வெளேர்னு நிக்குது. நான் என்னத்தடா பண்ணுவேன்?

— அட விடுக்கா. அம்புட்டு உத்துப் பாக்க எவன் இருக்கான்? லேசாச் செவந்திருந்தா என்ன, பச்சையா இருந்தா என்ன?

— இருக்காங்கடா. பெங்களூருல மூணு பேரு அதுக்குன்னே ஒக்காந்திருக்காங்க. பன்னெண்டு மணிக்கு வீடியோவுல வருவாங்க. நீ பதினொன்றரைக்கு எடுக்குற படத்தை ஒரு பக்கம் வைப்பாங்க, நான் போட்ட ரூம்பை மறுபக்கம் வைப்பாங்க. ரெண்டும் ஒட்டணும். ஒட்டுனா வேலை நிரந்தரம், வீட்டுல இருந்தே பாக்கலாம். இந்த நாகல் நகர் மாடி ரூம்பைக் காலி பண்ணிட்டு, நம்ம வீட்டுல நீ நிக்கிற அந்த முன்ரூம்புலயே மேசையைப் போட்டு ஒக்காந்துருவேன். ஒட்டலைன்னா மறுபடியும் சென்னை, மறுபடியும் ஹாஸ்டலு, மறுபடியும் அந்தச் சாம்பாரு. எட்டு வருசம் தின்னுட்டேன்டா. இனி முடியாது. அம்மா கையால சாப்பிட்டு அம்மா கூடவே கெடக்கணும்.

— அம்மா கூடயா...

— ஏன்டா இழுக்குற?

— ஒண்ணுமில்லக்கா. தொண்டை கட்டியிருக்கு.

— சரி, நல்லா யோசிச்சுச் சொல்லு. ரூம்புல எதையாவது மாத்துனீங்களா? புதுசா ஜன்னலுக்குத் துணி கிணி?

— எதுவும் இல்ல. இருந்தது இருந்தபடிதான் இருக்கு. எனக்கு ஒண்ணு புரியலக்கா. ஒரு ரூம்பைக் கம்ப்யூட்டருல காட்டுறதுக்கா இம்புட்டுப் பாடு? போட்டோ எடுத்து ஒட்டி விட வேண்டியதுதான?

— போட்டோவுக்குள்ள நடந்து போக முடியுமாடா? நான் போட்ட ரூம்புக்குள்ள நீ நடந்து போகலாம். கதவைத் தெறந்தா வெளிச்சம் கூடும், சாத்துனா கொறையும். கொடியில ஒரு சேலையைப் போட்டா அந்த நெறம் சொவத்துல விழும். எல்லாம் நீ பாக்கப் பாக்கவே நடக்கணும். ஒரு நொடிக்கு அறுபது தடவ அம்புட்டு வெளிச்சத்தையும் புதுசாக் கணக்குப் போடணும்.

— சொவத்துல சேலை நெறம் எப்படிக்கா விழும்? சொவரு என்ன கண்ணாடியா?

— நீயெல்லாம் சின்னாளபட்டிக்காரன்னு வெளிய சொல்லாத. சேலைக் கடையில பொண்ணு தோள்ல சேலையைப் போட்டுக் காட்டுறாங்கள்ல? அரக்குச் சேலை போட்டா தாடைக்குக் கீழ செவப்பா அடிக்குதா இல்லையா? அது சேலையில பட்ட வெளிச்சம் தெறிச்சு மொகத்துக்கு வாரது. உன் பொண்டாட்டிக்கு முகூர்த்தச் சேலை எடுக்கப் போயி நாலு மணி நேரம் அதைத்தான பாத்துக்கிட்டு நின்னோம்.

— அதை எதுக்கு இப்ப ஞாபகப்படுத்துற. எனக்கு அன்னைக்கே கண்ணு இருட்டிருச்சு.

— வெயில் நேரா எங்க விழுதுன்னு எந்தக் கம்ப்யூட்டரும் காட்டிரும். விழுந்த வெயிலு தரையில பட்டுத் தெறிச்சு, சொவத்துக்குப் போயி, அங்கிட்டிருந்து மச்சுக்குப் போயி, போற எடத்துல எல்லாம் பட்ட நெறத்தைக் கொஞ்சம் கொஞ்சம் ஒட்ட வச்சுக்கிட்டுப் போகுது பாரு, அதுதான் உசுரை வாங்கும். அதைத்தான் நான் ஒரு வருசமா எழுதிக்கிட்டு இருக்கேன். போன ஞாயித்துக்கெழம வரைக்கும் அச்சு அசலா ஒட்டுச்சு. திங்கக்கெழம நீ அனுப்புன படத்துல இருந்துதான் சனியன் பிடிச்சுச்சு.

— உன் கம்ப்யூட்டருலதான் ஏதோ கோளாறுன்னு அன்னைக்கே சொன்னேன்ல.

— சொன்ன. சொன்ன. அதை நம்பித்தான மூணு நாளா நல்லா இருந்ததைக் கொத்திக் கொதறி வச்சிருக்கேன். இந்தக் கம்ப்யூட்டரு எல்லா வெளிச்சத்தையும் ஒவ்வொரு தடவயும் புதுசாப் பாக்காதுடா, நேரம் பத்தாது. கொஞ்சத்தைப் புதுசாப் பாக்கும், மிச்சத்தை முந்துன படத்தோட ஞாபகத்துல இருந்து பூசிக்கிரும். புதுச் சிவப்பு அந்தப் பழைய ஞாபகத்துல கரைஞ்சு போகுதோன்னு திங்கக்கெழம அந்த ஞாபகத்தையே அத்து விட்டேன். படம் பூரா ரவையைக் கொட்டுன மாதிரி பொரிப்பொரியா ஆயிருச்சு.

— அய்யோ.

— செவ்வாக்கெழம புள்ளியெல்லாம் பிச்சேன். ரூம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத புள்ளி நூத்துக்கணக்குல தொங்க விட்டிருக்கேன். ஒவ்வொண்ணும் சுத்திச் சுத்திப் பாத்து, எந்தப் பக்கமிருந்து என்ன நெறத்துல வெளிச்சம் வருதுன்னு சொல்லும். அதுங்க பொய் சொல்லுதோன்னு அம்புட்டையும் கழட்டி மறுபடியும் தொங்க விட்டேன். எல்லாம் உண்மைதான் சொல்லுதுங்க. நேத்து வயித்தெரிச்சல்ல என் ரூம்போட சொவத்துக்கே லேசாச் சிவப்படிச்சுப் பாத்தேன். பத்து மணிப் படத்தோட ஒட்டுச்சு. எட்டு மணிப் படத்துக்கிட்ட வச்சா, வேற எவன் வீட்டு ரூம்போ மாதிரி நிக்குது.

— சாப்பிட்டியாக்கா நீ?

— நேத்து மதியம் ரெண்டு பன்னு தின்னேன். அதை விடு. எனக்கு ஒரு காரியம் பண்ணு. வீட்டுல அந்தப் பெரிய எவர்சில்வர் சொம்பு இருக்குல்ல? அதை நல்லாத் தொடச்சு, பந்து இருக்குற எடத்துல வச்சு ஒரு படம் எடு.

— சொம்பு எதுக்கு?

— சொம்புல சுத்தி இருக்குற எல்லாம் தெரியும். முன்னாடி, பின்னாடி, ஜன்னலுக்கு வெளிய இருக்குறது வரைக்கும் வளைஞ்சு தெரியும். எங்கிட்டு இருந்து சிவப்பு வருதுன்னு ஒரே படத்துல பிடிச்சிருவேன்.

— சொம்பை... சொம்பை அம்மா எங்கயோ வச்சிருக்கு. கோயிலுக்குக் கொண்டு போயிருக்குன்னு நெனைக்கிறேன்.

— வியாழக்கெழம காலையில பத்து மணிக்கு என்ன கோயிலு? இப்பத்தான் அம்மா இருமுற சத்தம் கேட்டுச்சு.

— கோயிலுக்குக் கொண்டு போயிட்டு அங்க விட்டுட்டு வந்துருச்சு போல.

— அப்பக் கரண்டியை எடு. எவர்சில்வர்ல எது இருந்தாலும் சரி.

— அக்கா, எனக்கு லோடுக்கு நேரமாச்சு. கடைக்காரரு ரெண்டு தடவ போன் அடிச்சிட்டாரு. பதினொன்றரைக்கு வந்து கடைசிப் படத்தை எடுத்துத் தாரேன், சத்தியமா.

— ஏலே, நில்லு. போனை வச்ச, நேரா பஸ் ஏறி வந்துருவேன். அரை மணி நேரந்தான் ஆகும் எனக்கு.

— வராத! வந்தா உன் பரீட்சை என்னாகுறது? இரு, நிக்கிறேன். நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்.

— இதுக்கு எதுக்குடா இப்படிப் பதறுற? சரி. சொம்பு வேணாம். இருக்குற படத்தை வச்சே பாத்துக்கிறேன். நான் சத்தமாச் சொல்லிக்கிட்டே யோசிக்கிறேன், நீ கேட்டுக்கிட்டு மட்டும் இரு. எட்டு மணிப் படத்துல சிவப்பே இல்ல. ஆனா ரூம்பு இருட்டா இருக்கு, போன வாரம் எட்டு மணிக்கு இம்புட்டு இருட்டா இல்ல. ஒம்பதுக்கு லேசாச் சிவப்பு. பத்துக்கு நல்ல சிவப்பு. வெயிலு ஏற ஏறச் சிவப்பும் ஏறுது. அப்ப இது கம்ப்யூட்டரு கோளாறு இல்லடா. கோளாறு கடிகாரம் பாத்து வராது.

— ம்.

— ரூம்புக்கு ஒரே ஜன்னல், மேக்க பாத்த ஜன்னல். முன்ரூம்புக்கும் பின்கட்டுக்கும் நடுவுல மேல தெறந்து கெடக்குற நடுவாசலைப் பாத்து. வெயிலு இப்பக் கெழக்க இருக்கு, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம். அப்ப ஜன்னல் வழியா நேரா வெயிலு வராது. வானத்து வெளிச்சமும் நடுவாசல் மண்ணுல பட்டுத் தெறிக்கிறதும்தான் வரும். இருட்டா இருக்குன்னா, வானத்தை ஏதோ மறைக்குது. பத்து மணிக்குச் செவக்குதுன்னா, மறைக்கிறது எதுவோ, அதுக்கு மேல வீட்டைத் தாண்டி வெயிலு விழுகுது. சந்தோசு, நடுவாசல்ல ஏதாவது வண்டி நிக்குதா?

— ஆமா... ஆமாக்கா! வண்டி. பக்கத்து வீட்டுக்காரரு வண்டியை உள்ள ஏத்தி நிப்பாட்டியிருக்காரு. நான் சொல்ல மறந்துட்டேன்.

— என்ன கலரு?

— சிவப்பு.

— எந்த வண்டிடா மூணடி வாசப்படியில நொழையும்?

— பைக்கு.

— நல்ல பைக்குதான், வானத்தையே மறைக்குது! வாயைத் தெறந்தாலே பொய்யா வருது உனக்கு. இரு, நானே வச்சுப் பாக்குறேன். ஞாயித்துக்கெழம எடுத்து வச்ச பழைய கணக்கு இன்னும் இருக்கு, நல்லவேளை அதை அழிக்கல. அதைத் தெறந்துட்டேன். இப்ப நடுவாசல்ல ஒரு பெட்டியை வைக்கிறேன். மூணடி ஒசரம். பத்தல. அஞ்சடி. எட்டு மணி இருட்டு இன்னும் வரல. ஏழடி. ஆங், வருது. ஏழடி ஒசரம், ஜன்னல்ல இருந்து நாலடி தள்ளி.

— அக்கா, போதும்க்கா.

— செத்த சும்மா இரு. நெறம் வைக்கணும். பெயிண்டுச் சிவப்பு வச்சா கண்ணைக் குத்துது. அம்புட்டுச் சிவப்பு இல்ல, கொஞ்சம் மஞ்சள் கலந்த சிவப்பு. ஓடு மாதிரி. அய்யோ, ஒட்டுது! சந்தோசு, ஒட்டுதுடா! எட்டு மணிக்கு ஒட்டுது, ஒம்பதுக்கு ஒட்டுது, பத்துக்குப் பந்து மேல சிவப்பு அப்படியே உக்காருது! என் கணக்கு சரிதான்டா! மொத நாள்ல இருந்தே சரி! நான் ஒரு கூமுட்டை, நல்ல புள்ளையைப் போட்டு மூணு நாளா அடிச்சிருக்கேன்!

— அப்பப் பாஸாயிருவியா?

— ஆகாம? அவங்க வாயைப் பொளந்து பாப்பாங்க. படத்துலயே இல்லாத ஒரு சாமானை வெளிச்சத்தை வச்சே கண்டுபிடிச்சிருக்கேன்ல. இரு, திங்கக்கெழமப் படத்துக்கும் வச்சுப் பாக்குறேன். அதுக்கு மூணடி போதும். செவ்வாய்க்கு அஞ்சடி. நேத்து ஏழடி...

— அக்கா...

— நாளுக்கு நாள் வளர்ற சாமான். ஜன்னலுக்கு நாலடி தள்ளி, வாசலுக்குக் குறுக்கால. நெறம் பூசாத செங்கல் நெறம். சந்தோசு, நடுவாசல்ல எவன்டா சொவரு வச்சது?

— சித்தப்பா.

— வீரப்பன் சித்தப்பாவா? பொங்கலுக்கு வந்தப்பவே முழத்தைப் போட்டு அளந்துக்கிட்டு நின்னாரு அந்த மனுசன். நீ என்னடா பண்ணிக்கிட்டு இருந்த? நம்ம வாசல்ல வந்து செங்கல் அடுக்குற வரைக்கும் கை கட்டிக்கிட்டு நின்னியா? வீடு அம்மா பேருல இருக்கு, அவருக்கு என்ன பாத்தியதை? இரு, இப்பவே அவருக்குப் போனைப் போடுறேன்.

— வேணாம்க்கா! போடாத!

— ஏன் போடக் கூடாது?

— அவரு கட்டல.

— அப்ப யாரு?

— நாந்தான்.

— என்னது?

— நாந்தான்க்கா கொத்தனாரைக் கூட்டியாந்தேன். நாந்தான் செங்கல் எறக்குனேன். உன் பரீட்சை முடியுற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு இருந்தோம். நீ வச்ச கோட்டுல இருந்து போன் ஸ்டாண்டை ஒரு இம்மி நகத்தல. ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான போன் நிக்குது, படத்துல சொவரு தெரியாதுல்லன்னு நெனச்சேன். தெரியாமத்தான எடுத்தேன்!

— தெரியாம எடுத்தா? வெளிச்சம் அதைப் பாத்துருச்சேடா முட்டாப் பயலே! நீ மூடி வச்சா அது மூடுமா? ரூம்பு பூராப் போயி ஒப்பிச்சிருக்கு.

— எனக்கு எப்படிக்கா தெரியும்? நான் லோடு வண்டி ஓட்டுறவன்.

— கம்ப்யூட்டரு கோளாறுன்னு சொன்னியே, அது தெரிஞ்சு சொன்னதா, தெரியாமச் சொன்னதா?

— மொத நாளு தெரியாமத்தான் சொன்னேன். நேத்துத்தான் லேசாச் சந்தேகம் வந்துச்சு. சொன்னா சொவரு வெளிய வந்துரும்.

— மூணு நாளு! நான் பைத்தியக்காரி மாதிரி என்னையே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன். எனக்குத் தொழிலே தெரியாதோன்னு நேத்து அழுதேன் தெரியுமா? சரி, போகட்டும். எதுக்கு இந்தச் சொவரு? யாருக்கும் யாருக்கும் நடுவுல?

— பாகம் பிரிச்சாச்சுக்கா. பின்கட்டு ஒரு பாகம், முன்ரூம்பும் வாசல்ல நாலடியும் ஒரு பாகம்.

— என்னைக் கேக்காமயா? பொம்பளப் புள்ளை, வெளியூருல கெடக்குறா, இவளை என்ன கேக்குறதுன்னுதான?

— நீ நெனைக்கிற மாதிரி இல்லக்கா. கேளு, நான்...

— என்னத்தடா கேக்க? அந்த முன்ரூம்பு எனக்கு எதுக்குன்னு தெரியுமாடா உனக்கு? கம்பெனிக்காரன் எந்த ரூம்பை வேணா எடுத்துக்கன்னான். பெரிய மாலு, ஓட்டலு, எவ்வளவோ இருக்கு. நான் அந்த ரூம்பைப் போட்டேன். ஒவ்வொரு சொவத்தையும் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்டா. அங்க வந்து உக்காரத்தான் இம்புட்டுப் பாடும் பட்டேன். அதைப் போயி எடுத்துக்கிட்டியே. கடைக்கு வாடகைக்கு விடப் போறியா? சொல்லு, உன் மச்சினனுக்கு மொபைல் கடை வச்சுக் குடுக்கப் போறியா?

— அப்படியெல்லாம் இல்ல. எனக்கே அவமானமாத்தான்க்கா இருக்கு. தெருவுல தலை நிமிந்து போக முடியல.

— அவமானமா இருக்கும். இருக்கட்டும். நல்லாக் கேட்டுக்க. பன்னெண்டு மணிக்கு அவங்களுக்கு என் வேலையைக் காட்டுவேன், அந்தச் சொவரோட சேத்தே காட்டுவேன், பாஸாவேன். முடிச்ச கையோட பஸ் ஏறி வாரேன். கடப்பாரையை எடுத்து நானே அந்தச் சொவரை இடிக்கிறேன். தடுக்குறதுன்னா நீ வந்து தடு, உன் பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டு வா.

— அவளை இதுல இழுக்காத. நடந்ததுல அவளுக்கும் பங்கு இருக்கு, எனக்கும் இருக்கு, அதுக்காக... அக்கா, இரு. அம்மா போனைக் கேக்குது.

— குடுக்காத. நான் அழுகுறது அதுக்குக் கேக்கக் கூடாது.

— பிடுங்குதுக்கா...

— யுவராணி.

— அம்மா. நீயும் சேந்துதான் மறைச்சியாம்மா?

— மறைச்சேன். பரீட்சைக்குப் போற புள்ளைக்கிட்ட மாமியா மருமக சண்டையை யாராவது சொல்லுவாங்களா? அழுகையை நிறுத்து. இம்புட்டு நேரமும் இங்கதான் நிக்கிறேன், அந்தப் பயலை நீ வஞ்சதெல்லாம் காதுல விழுந்துச்சு. அவனை ஏன்டி வையுற? சொவரு வைக்க மாட்டேன்னு ரெண்டு நாளு கால்ல விழாத கொறையாக் கெஞ்சுனவன் அவன்.

— அப்ப யாரும்மா வைக்கச் சொன்னது?

— நாந்தான்.

— நீயா? என் ரூம்பை அவனுக்குப் பிரிச்சுக் குடுத்தது நீயாம்மா?

— அவனுக்குக் குடுத்தது பின்கட்டு. முன்ரூம்பை உன் பேருக்கு எழுதி ஆறு நாளாச்சு. கடப்பாரையைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்காதடி, அன்னையில இருந்து நான் தனியா அடுப்பு மூட்டிப் பொங்கித் திங்கிறது உன் வீட்டுலதான்.